மச்சான் செய்த தோட்டா

புத்தூரிலிருந்து சித்தூர் போகும் பஸ்ஸில், மாநில எல்லைப் பிரிப்பில் எந்தக் கிராமம் ஆந்திராவோடு நிற்கும், எது மதராஸுக்குப் போகும் என்றே எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். என் முன் சீட்டில் மட்டும் வேறு பேச்சு. கைத்துப்பாக்கி லைசென்ஸைப் புதுப்பிக்கப் போகும் பெரியவர் ஒருவரிடம் பாலசமுத்திரத்து விவசாயி சொன்னார்:

"எங்க மச்சான் தோட்டாவ வூட்லயே செய்றாருண்ணா."

"ஏன், கடையில வாங்கக் கூடாதா?"

"பட்டாளத்துல துப்பாக்கி ரிப்பேர் பாத்தவரு. அவருகிட்டயும் கைத்துப்பாக்கிதான். கடைத் தோட்டா போட்டு ஒரு மான சுட்டாரு. சாவல, காயத்தோட ஓடிப்போச்சு. மூணு நாளு சோறு துன்னாம காட்டுல தேடிக்கினு இருந்தாரு. கெடைக்கவே இல்ல."

"அப்பறம்?"

"பெரிய துப்பாக்கித் தோட்டாவோட காலி பித்தளைக் கூட்ட அறுத்து, வாயச் சின்னதாக்கி, வெடிமருந்த அவரே அளந்து போட்டாரு. துப்பாக்கியையும் அதுக்கேத்தாப்ல திருத்தினாரு. ஒரு வருஷம் பலகையிலதான் சுட்டுப் பாத்தாரு. போன மாசம் ஒரு மான் எதுர்ல நின்னுது. ஒரே வெடி. நின்ன எடத்துலயே வுழுந்துச்சு, துடிக்கல."

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கெட்டிக்காரன்யா! எனக்கும் நாலு செஞ்சு தருவாரா?"

"மொதல்ல ஒண்ணு கேப்பாரு. கைத்துப்பாக்கிக்கு முப்பது கஜம்தான் கணக்கு, தாண்டினா காயந்தான் படும். மான் நாப்பதுல நின்னா இன்னா பண்ணுவீங்க?"

"சுட்டுப் பாப்பேன்."

"எல்லாரும் அதான் சொல்றாங்க. இன்னும் யாருக்கும் அவரு செஞ்சு தர்ல."

பெரியவர் லைசென்ஸ் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, "நல்ல மனுசன்" என்றார்.