வெள்ளைக் கட்டத்துக்கு அடியில்

இல்ல தம்பி, மெமரி போன மாசமே கூட்டிப் போட்டாச்சு. மிஷின் இன்னும் ஆமை வேகத்துலதான் ஓடுது. வைரஸும் இல்ல. சர்ச்சுல மணியடிக்கிற அவுசேப்பு சேட்டன்கூட வந்து புனித நீர் தெளிச்சுப் பாத்தாரு, கீபோர்டு போனதுதான் மிச்சம்.

ஆமா, நான் இதுல டைப் பண்றது ஒரே புஸ்தகம்தான். மணலேத்து குடும்ப சரித்திரம், தொள்ளாயிரம் பக்கம். உங்க குடும்பத்துக்கும் சங்கம், கமிட்டியெல்லாம் இருக்கா? அப்போ நான் படுற பாடு உங்களுக்குப் புரியும்.

போட்டோவா? அதையும் பாத்துட்டேன். குவைத்துலேர்ந்து ஒருத்தர் தன் மூஞ்சியை ரோட்டோர பேனருக்கு வைக்கிற அளவுல அனுப்பியிருந்தாரு. புஸ்தகத்துல அது ஸ்டாம்பு சைஸ்தான். எல்லாத்தையும் சின்னதாக்கிட்டேன். எழுத்தும் முதல் பக்கத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே சங்கிலியா ஓடுச்சு. மஸ்கட்ல யாருக்காவது குழந்தை பொறந்தா தொள்ளாயிரம் பக்கமும் நகந்து எடம் குடுக்கணும். அதையும் அத்தியாயம் அத்தியாயமா வெட்டிட்டேன். ம்ஹூம், ஒண்ணும் வேலைக்காகல.

என்னது, வெள்ளைக் கட்டமா? அட, கண்டுபிடிச்சிட்டீங்களே!

அது வந்து... கமிட்டி அப்பப்போ யாரையாவது நீக்கச் சொல்லும். சொத்துத் தகராறு, வேற சபைக்குப் போனது, வேற மதத்துல கட்டிக்கிட்டது, இப்படி ஏதாவது. அழிச்சா கீழ இருக்கிறவங்க வரிசை நம்பரெல்லாம் மாறிப்போகும். அதனால ஆளு மேல ஒரு வெள்ளைக் கட்டத்தைப் போட்டு மூடிடுவேன். அப்புறம் ராசியாயிடுவாங்க. அவசரத்துல அந்தக் கட்டத்து மேலயே புதுப் போட்டோவை ஒட்டுவேன். வர்கிச்சன்னு ஒருத்தர் இருக்காரு, அவருக்கு மட்டும் மூணு கட்டம், நாலு மூஞ்சி. கடைசியா மன்னிச்சப்போ தலையில முடியே இல்ல.

கட்டம், அடியில கெடக்கிற பழைய போட்டோ எல்லாத்தையும் அழிச்சா மிஷின் பறக்குமா? சரி, அழிங்க. புஸ்தகம் இன்னும் முடியலன்னு கமிட்டிக்காரங்க வேற நாளைக்கு நாலு தடவை திட்டுறாங்க. தலைவர் குரியாக்கோஸ் மட்டும்தான் அவசரமில்ல, இன்னொரு தடவை பாப்போம்பாரு.

அய்யோ, அதைத் தொடாதீங்க! இருநூத்திப் பன்னெண்டாம் பக்கம் அப்படியே இருக்கட்டும். அந்தக் கட்டத்துக்கு அடியில இருக்கிறது நான்தான். சிரிக்காதீங்க, அப்போ எனக்கு ரெட்டை ஜடை.

தலைவர் எங்க அப்பா. நான் ராஜீவனைக் கட்டிக்கிட்டதுலேர்ந்து பேச்சே கிடையாது. ஆனா கோட்டயத்துல இத்தனை டிடிபி கடை இருக்க, இங்கதான் கொண்டாந்து குடுத்தாரு. எனக்கு எதிர்ல உக்காந்துகிட்டு, ஆப்பரேட்டரே, குரியாக்கோஸோட மூத்த பொண்ணை மறைச்சிடுங்கன்னு என்கிட்டயே சொன்னாரு. நானும் சரிங்க சார்னு மறைச்சேன்.

அன்னையிலேர்ந்து தெனமும் சாயங்காலம் வர்றாரு. ஒழுங்கா மறைஞ்சிருக்கான்னு பாக்கணுமாம். மிஷின் அந்தப் பக்கத்தைத் தெறக்கிறதுக்குள்ள ஒரு கடுங்காப்பி, சில நாள் ரெண்டு. சர்க்கரை எவ்வளவுன்னு நான் கேக்கிறதில்ல, அவரும் சொல்றதில்ல. பக்கம் தெறந்ததும், வெள்ளையா இருக்கிறதைப் பாத்து ம்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிடுவாரு. மறுநாள் திரும்பவும் சந்தேகம் வந்துடும்.

அதனால சொல்றேன் தம்பி, மத்ததையெல்லாம் அழிச்சுக்கோங்க. ரொம்ப வேகமா மட்டும் ஆக்கிடாதீங்க. டக்குனு தெறந்துச்சுன்னா அப்பா காப்பி குடிக்காமலே போயிடுவாரு.