வழக்கமான இடம்

— கையை மேல தூக்குங்க, சபாபதி அங்கிள். அந்த எடத்துல இன்னைக்கு ஊசி போட மாட்டேன்.

— நாலு வருசமா அங்கதானே போடுறீங்க, குமுதா மிஸ்ஸி? மரத்துப்போன எடம் லா, வலிக்காது. போட்டு டயாலிசிஸ் மெஷின ஓட விடுங்க. ஒரு மணிக்கு ஸ்கூல் வாசல்ல என் வேன் நிக்கணும்.

— வலிக்காதுன்னு அங்கயே போடச் சொல்லி நீங்க கேட்டீங்க. சுலபமா எறங்குதுன்னு நர்ஸுங்க நாங்களும் போட்டுட்டோம். தப்பு எங்க மேலயும்தான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கணும். இப்பப் பாருங்க, முட்டை மாதிரி புடைச்சி, தோலு பளபளன்னு இருக்கு.

— அது ஆறு மாசமா அப்படித்தான் இருக்கு.

— இந்த பிளாஸ்டர் ஆறு மாசமா இல்லையே. யாரு ஒட்டினா?

— கொசு கடிச்சிச்சி. சொறிஞ்சிட்டேன்.

— கொசுக்கடிக்கு இவ்ளோ பஞ்சா? பிரிக்கிறேன், ஆடாதீங்க.

— பிரிக்க வேணாம் மிஸ்ஸி.

— ஏன்?

— வேணாம்னா விடுங்க லா.

— அங்கிள், என் மூஞ்சியப் பாருங்க. ரத்தம் வந்துச்சா?

— கொஞ்சம்.

— சொட்டுச்சா, பீச்சி அடிச்சிச்சா?

— பீச்சித்தான் அடிச்சிச்சி. துண்ட வச்சி அழுத்தினேன், நின்னுருச்சி.

— எப்ப?

— காலையில. குளிக்கும்போது.

— மாதவி, ஆம்புலன்ஸ் கூப்பிடு. டாக்டருக்கும் சொல்லிடு. அங்கிள், நீங்க எந்திரிக்காதீங்க.

— ஆம்புலன்ஸ் எதுக்கு? வேற எடத்துல குத்துங்க, வலிச்சா தாங்கிக்கிறேன்.

— இது சும்மா நரம்பு இல்ல. ஆபரேஷன் பண்ணி பெரிய ரத்தக் குழாயோட சேத்துவிட்டது. மறுபடி ஒடைஞ்சா பத்து நிமிசம் தாங்க மாட்டீங்க. இன்னைக்கே சர்ஜன் பாக்கணும். டயாலிசிஸ் அங்கயே, கழுத்துல குழாய் வச்சிச் செய்வாங்க.

— அப்ப பிள்ளைங்கள யாரு ஏத்துறது? அதுங்க அம்மா அப்பா எல்லாம் தூரத்துல, சுபாங் ஜெயாவுல வேலையில இருப்பாங்க.

— வேற யாரையாச்சும் கேளுங்க. எடது கைய நான் அழுத்திக்கிட்டு இருக்கேன். அசைக்காம, வலது கையால போன் போடுங்க.

— ஹலோ, நூர் முகமது பாயா? சபாபதி பேசுறேன். மத்தியானம் என் வேன நீங்க எடுக்கணும். இல்ல பாய், இன்னைக்கு மட்டும் இல்ல. இனிமே நீங்களே ஓட்டுங்க. அப்புறம் பேசுறேன்.

— ஏன் அங்கிள் அப்படிச் சொல்றீங்க? கை சரியானா டாக்டரே ஓட்டச் சொல்லுவாரு. வீட்டுல இருக்கும்போது ரத்தம் வந்துச்சே, அதுவே பெரிய விசயம்.

— வீட்டுல இல்ல மிஸ்ஸி.

— குளிக்கும்போதுன்னு சொன்னீங்க?

— பொய் சொன்னேன். ஏழு மணிக்கு, பண்டமாரான் ரோட்டுல. வலது கையால துண்ட அழுத்திக்கிட்டு, ரத்தம் ஊத்துற கையாலதான் ஸ்டியரிங்கப் புடிச்சிருந்தேன். பின்னால பதினோரு பிள்ளைங்க பாட்டு பாடிக்கிட்டு இருந்துச்சுங்க.