சாப்பிடாதவருக்கு விரதம்

தாம்பரத்தில் கிளம்பிய ரயிலில் உட்கார இடம் கிடைத்துவிட்டது. எதிரே இருந்த பெண் தன் பக்கத்தில் இருந்த அம்மாளிடம் இப்படிச் சொன்ன பிறகு, கையிலிருந்த புத்தகம் எனக்கு எதற்கு?

“எங்க வீட்டுக்காரரை டாக்டர் விரதம் இருக்கச் சொல்லிட்டாருக்கா.”

“அவர்தான் ரெண்டு வருஷமா ஒண்ணுமே சாப்பிடறதில்லையே!”

“அதான். குடலை எடுத்ததுலேர்ந்து சாப்பாடே ட்ரிப்ஸ்லதானே? ராப்பகலா ஏத்தினதுல லிவர்ல கொழுப்பு சேர்ந்துடுச்சாம். இனிமே பகல்ல நிறுத்தி, லிவருக்கு ரெஸ்ட் குடுக்கணுமாம்.”

“எண்ணெய்ப் பலகாரம் வாயிலயே படாத மனுஷனுக்குக் கொழுப்பா?”

“நான் தினம் ஸ்டேஷன்ல போண்டா திங்கறேன். எனக்கு ஒண்ணும் ஆகலை.”

குரோம்பேட்டையில் கூட்டம் ஏறியது.

“பகல் பூரா பட்டினியா, பாவம்?”

“இல்லக்கா. லிவருக்கு நல்லதுன்னு வாய் வழியா ரெண்டு ஸ்பூன் ரசம் சாதம் குடுக்கச் சொன்னாரு. நேத்து குழையப் பிசைஞ்சு நானே ஊட்டிவிட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு முதல் வாய். கண்ணை மூடி முழுங்கிட்டு, ‘உப்பு கம்மி’ன்னாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு.”

“சந்தோஷத்துலயா?”

“கோவத்துலக்கா. உப்பு சரியாத்தான் இருந்துச்சு.”