பயந்தாங்கொள்ளி முடிச்சு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் என்னைவிட நன்றாக முடிச்சுப் போடுகிறவன் இன்னும் பிறக்கவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வாக்குமூலம் என்றால் உண்மையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தூண்டிலில் நைலான் நரம்பு ஒரு ரகம், பின்னல் நூல் வேறு ரகம். நரம்பில் ஐந்து சுற்று சுற்றி, எச்சில் தொட்டு இறுக்கினால் போதும். அதே ஐந்து சுற்று பின்னல் நூலில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். விராலுக்குப் பல் உண்டு; பின்னல் நூல்தான் தாங்கும். கட்லாவோ, பின்னல் நூல் கண்ணில் பட்டால் கிட்டே வராது. அதனால் நுனியில் கை நீளத்துக்குக் கண்ணாடி நரம்பு ஒன்றைச் சேர்க்கிறோம். அதற்கு லீடர் என்று பெயர். வழுக்குவதும் வழுக்காததும் சேர்கிற அந்த ஓரிடத்தில்தான் மீனும் போகும், மானமும் போகும்.

என் வகுப்புத் தோழன் கலையரசனுக்கு அந்த இடத்தின் மேல் நம்பிக்கையே கிடையாது. முடிச்சைப் போட்டுவிட்டு, மிஞ்சிய நுனியில் குட்டியாக இன்னொன்று போடுவான். பிறகு காலில் மிதித்துக்கொண்டு இழுத்துப் பார்ப்பான். அதற்குப் பயந்தாங்கொள்ளி முடிச்சு என்று நான் பெயர் வைத்தேன். கல்லூரி ஆண்டு விழாவில் அதை வைத்து ஒரு நாடகமே போட்டேன். அரங்கம் சிரித்தது. அவனும் சிரித்தான். மறுநாள் நான் போட்ட முடிச்சின் நுனியிலும் ஒன்று போட்டான்.

“இன்னாடா, என் மேல நம்பிக்கை இல்லியா?”

“உன் மேல கீது மச்சான். கயிறு மேலதான் இல்ல.”

அதன்பிறகு ஒவ்வொரு முறையும் போட்டான். நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒருவன் சிரித்துக்கொண்டே திருத்தம் போட்டால் எத்தனை நாள் பொறுப்பீர்கள்?

மலை ஓடை அணையில் வந்து விழுகிற இடத்தில், லாரி டியூபில் உட்கார்ந்து மீன் பிடிப்பது எங்கள் வழக்கம். டியூபிலிருந்து கரையிலுள்ள புங்கமரத்துக்கு ஒரு கயிறு. அன்று நார்க்கயிறு எட்டவில்லை. வழுவழுப்பான பிளாஸ்டிக் கயிற்றை அதோடு சேர்த்தேன். லீடர் சேர்ப்பது போலத்தான். கலையரசன் வழக்கம்போல மிஞ்சிய நுனியைப் பிடித்தான்.

“கைய எடுடா. நான் கட்டுனா கட்டுனதுதான்.”

எடுத்துவிட்டு, முதல் ஆளாக டியூபில் ஏறிப் போனான். அவனுக்கு நீச்சல் தெரியாது.

வெள்ளிமலைப் பக்கம் மழை. ஓடையில் செந்நீர் இறங்கி டியூபை இழுத்தது. கயிறு விறைத்தது, பிறகு தொய்ந்தது. பிளாஸ்டிக் கயிற்றின் நுனி சுருள் கலையாமல் தண்ணீரில் போவதைக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் சாவை விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள். நான் உள்ளே மாட்டிக்கொண்டது அப்போதுதான். பஸ்ஸில் எனக்கு எழுந்து இடம் கொடுக்கிறார்கள். டீக்கடையில் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறார்கள். அவன் அம்மா காசியம்மாள் என்னைக் கூப்பிட்டுச் சோறு போட்டு, தலையைத் தடவி, “நீ இன்னா கண்ணு பண்ணுவ? முடிச்சு தானா அவுந்துக்கிச்சு” என்கிறார். தானாக. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தச் சொல் நிற்கிறது. அதிலிருந்து வெளியேற ஒரே கதவுதான் இருந்தது.

ஸ்டேஷனுக்குப் போய், இன்ஸ்பெக்டர் அரங்கநாதனிடம் அமைதியாகச் சொன்னேன்: முடிச்சு தானாக அவிழவில்லை. அவிழும்படி நான்தான் போட்டேன். கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் எழுதவில்லை. விசாரணைக்கு எடுத்து வந்து மூலையில் போட்டிருந்த அந்த இரண்டு கயிறுகளையும் என் முன்னால் போட்டார்.

“சரிப்பா. அவுற மாதிரி போட்டேன்ற. இப்ப அவுறாத மாதிரி ஒண்ணு போடு.”

இதற்காகத்தான் காத்திருந்தேன். சுற்றுகள் அழகாக விழுந்தன. ஏட்டு பூமாலை ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். அது வழுக்கிக்கொண்டு வந்தது, தண்ணீரில் பார்த்த அதே சுருளோடு.

“அன்னிக்கும் இதையேதான போட்ட?” என்றார் அரங்கநாதன், தணிந்த குரலில். “வூட்டுக்குப் போ தம்பி. அந்தம்மா சோத்த வெச்சிக்கினு காத்துக்கினு இருக்கும்.”

“கயிறு பழசாயிடுச்சு சார்” என்றேன்.

கொலைகாரன் நான்தான், அதில் மாற்றமில்லை. இன்னொரு முறை போட அனுமதி கேட்டு, அதே முடிச்சைப் போட்டேன். அவர்கள் வேறு பக்கம் பார்த்த நேரத்தில், மிஞ்சிய நுனியில் குட்டியாக இன்னொன்று போட்டு, காலில் மிதித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தேன்.

தாங்கியது.