ஏற்கெனவே பதில் உள்ள கேள்வி

கேள்வி கேட்கிறவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும், ஐயா. இதை வாக்குமூலத்தில் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பிடிக்காதவன் பதினோரு வருடம் சம்பளமில்லாமல் இந்த வேலையைப் பார்ப்பானா?

கணினி நிரல் எழுதுகிறவர்கள் எங்காவது சிக்கிக்கொண்டால் எங்கள் இணைய மன்றத்தில் வந்து கேட்பார்கள். தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். கேள்வி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. இல்லாவிட்டால் யாரும் பதில் எழுத முடியாதபடி மூடிவிடுவேன். தலைப்பில் பிரச்சினை என்னவென்று இருக்க வேண்டும். நிரலை ஒட்ட வேண்டும். என்னென்ன முயன்று பார்த்தோம் என்று சொல்ல வேண்டும். கெஞ்சக் கூடாது. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால்கூட இதைவிட அதிகம் எதிர்பார்ப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டு பத்துக்கு ஒரு கேள்வி வந்தது. கேட்டவர் பெயர் சுண்டெலி. தலைப்பு இது: "அவசரம்!!! கதவு திறக்க மாட்டேங்குது, யாராச்சும் காப்பாத்துங்க ப்ளீஸ்."

மூன்று ஆச்சரியக்குறிகள். நான் கோபப்படவில்லை. கேள்வியை மூடிவிட்டு, நிரலை இணைக்குமாறு பணிவாக ஒரு குறிப்பு எழுதினேன்.

கால் மணி நேரத்தில் மறுபடி வந்தார். "சார், மருந்துக் கிடங்குல குளிர் அறைக்குள்ள மாட்டிக்கிட்டேன். கதவுப் பூட்டுக்கு நான்தான் புரோகிராம் எழுதினேன். சோதிச்சுப் பாக்க உள்ள வந்தேன், பூட்டிக்கிச்சு. மைனஸ் பதினெட்டு டிகிரி. போன் வெளிய லாக்கர்ல இருக்கு, கையில லேப்டாப் மட்டும்தான். ஆபீஸ் நெட்ல உங்க சைட்டைத் தவிர எல்லாத்தையும் பிளாக் பண்ணி வச்சிருக்காங்க. லீவு நாள், இங்க ஒருத்தரும் இல்ல."

முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் நிரல் எங்கே? 'சார்' தேவையில்லை, எடுத்துவிட்டேன். தட்பவெப்பத்துக்கும் நிரலுக்கும் சம்பந்தமில்லை என்பதால் 'மைனஸ் பதினெட்டு டிகிரி'யையும் எடுத்துவிட்டேன். பிறகு மூடினேன்.

அதற்குள் கீழே ஒருவர், "எந்தக் கிடங்கு? அட்ரஸ் சொல்லுங்க, நான் போய்ப் பாக்குறேன்" என்று கேட்டிருந்தார். நல்ல மனிதர். ஆனால் அரட்டைக்கு மன்றத்தில் தனிப் பகுதி இருக்கிறது. முகவரி வருவதற்குள் அவர் கேட்டதை நீக்கினேன்.

மூன்றாவது முறை, "என் அக்காவுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க" என்று எண்ணையும் போட்டுவிட்டார். பொது இடத்தில் குடும்பப் பெண்களின் தொலைபேசி எண்ணைப் போடுவது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கே தெரியும். உடனே அழித்தேன். குறித்துவைக்க அவசியமில்லை. அது என் மனைவியின் எண். அவள் பக்கத்து அறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றரை மணிக்கு அவளே வாசலில் வந்து நின்றாள். "தம்பி சாப்பிட வரேன்னான், இன்னும் காணோம். போன் அடிச்சாலும் எடுக்கல."

"வேலையா இருப்பான்" என்றேன். பொய் சொல்லவில்லை பாருங்கள்.

இரண்டே முக்காலுக்கு நாலாவது கேள்வி வந்தது. ஐயா, அதை நீங்கள் படித்திருக்க வேண்டும். தெளிவான தலைப்பு. நிரல் முழுவதும் ஒழுங்காக ஒட்டப்பட்டிருந்தது. என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, எதையெல்லாம் முயன்றேன், நிரலை மறுபடி தொடங்க ஏன் பயப்படுகிறேன் என்று எல்லாமே இருந்தது. ஒரு எழுத்துப்பிழை இல்லை. என் கண்ணே கலங்கிவிட்டது. பதினோரு வருடத்தில் இப்படி ஒரு கேள்வியை நான் பார்த்ததில்லை.

தவறும் உடனே தெரிந்துவிட்டது. பூட்டியதும் பத்து வினாடி காத்திருந்து, பிறகு திறக்க வேண்டிய கதவு. அது பத்தாயிரம் வினாடி, அதாவது இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல், காத்திருந்தது. அந்த வரியை அவன் ஏழு வருடத்துக்கு முன் நான் எழுதிய ஒரு பதிலிலிருந்து அப்படியே எடுத்திருந்தான். அந்தப் பதிலுக்கு நானூற்றுப் பன்னிரண்டு பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள். அதை இப்போது திருத்தினால் அவர்களை அவமதித்த மாதிரி ஆகாதா?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்னும் ஆறு நிமிடம் சும்மா இருந்தால் கதவு தானாகத் திறந்துவிடும். திறந்தால் என்ன செய்வான்? "சரியாயிடுச்சு, நன்றி" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுவான். எப்படிச் சரியானது என்று சொல்ல மாட்டான். அவ்வளவு அழகான கேள்வி காலத்துக்கும் பதிலில்லாமல் கிடக்கும்.

அதனால் 'ஏற்கெனவே பதில் உள்ள கேள்வி' என்று மூடி, என் பழைய பதிலின் சுட்டியைக் கொடுத்தேன். அதன் கடைசி வரி: 'வேலை செய்யாவிட்டால் நிரலை நிறுத்தி, மறுபடி தொடங்கவும்.'

தொடங்கினான். இரண்டு நிமிடம் மீதி இருந்தது. பத்தாயிரம் வினாடியும் முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது.

மூன்றரைக்கு மனைவி கத்தரிக்கோல் தேடிக்கொண்டு என் அறைக்குள் வந்தாள். திரையில், 'கை வெறச்சுப்போச்சு' என்று ஒரு வரி. பக்கத்தில் சுண்டெலி என்ற பெயர். சின்ன வயதில் தம்பிக்கு அந்தப் பெயரை வைத்தவளே அவள்தான்.

"இது என் தம்பியில்ல?"

"உறுப்பினர் யாருன்னு நான் வெளிய சொல்லக் கூடாது."

மேலிருந்து கீழ்வரை முழுவதையும் படித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "எப்படித் திறக்கணும்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை. தீயணைப்புத் துறையோடுதான் பேசினாள். நாலு பத்துக்குக் கதவை அறுத்து அவனை வெளியே எடுத்தார்கள். குளிருக்கான மேலங்கி போட்டிருந்ததால் பிழைத்தான். சாதாரணக் காலணிதான் போட்டிருந்தான். இடது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனேன். கட்டிலில் போர்வையை இழுத்துப் போர்த்தியபடி கேட்டான்: "அத்தான், அது நான்தான்னு உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சும் ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

அது இரண்டு கேள்வி. ஒரு நேரத்தில் ஒன்றுதான் கேட்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னேன். மனைவி எழுந்து வந்து என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

நீங்கள் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டதால் சொல்கிறேன். முதல் கேள்விக்குப் பதில்: தெரியும், முதல் பதிவைப் பார்த்த நிமிடமே தெரியும். இரண்டாவதுக்கும் ஒளிக்க ஒன்றுமில்லை. முன்பின் தெரியாத ஆளாக இருந்திருந்தால் அந்த மூன்று ஆச்சரியக்குறிகளையும் மன்னித்து அப்போதே பதில் சொல்லியிருப்பேன். மச்சினனுக்குச் சலுகை காட்டினான் என்று நாளைக்கு யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.