இருநூற்றுக்கு அப்பால் பதினான்கு பேர்

என் மகன் ராஜசேகருக்கு மோர்க்குழம்பு பிடிக்காது. இதையெல்லாமா வாக்குமூலத்தில் சொல்வாள் என்று நினைப்பீர்கள், சந்திரலேகா மேடம். விசாரிக்க வந்தவர் நீங்கள், எழுதிக்கொள்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம். எட்டு வருடமாக என் வீட்டில் மோர்க்குழம்பு வைப்பதில்லை. திடீரென்று வந்து நின்றால் என்ன செய்வது?

அவன் போனதற்குக் காரணம் நான்தான். நூர்ஜஹான் என்ற பெண்ணைக் கட்டிக்கொள்வதாக இருந்தான். "அவனுக்கு வேற இடத்துல நிச்சயம் ஆயிடுச்சும்மா, உன்கிட்ட சொல்ல சங்கடப்படுறான்" என்று அவளிடம் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன், குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தேன். அவளுக்கு வேறிடத்தில் கல்யாணம் முடிந்த பிறகுதான் நான் சொன்னது அவனுக்குத் தெரிந்தது. நம்பரை மாற்றிக்கொண்டு போய்விட்டான்.

கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற பிறகு, தஞ்சாவூரில் இந்தச் சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். கடலில் காற்று கூடும் என்று தகவல் வந்தால் மீனவர்களுக்குத் தானாகவே போன் போகும், அதற்கான கணினி நிரலை ஜாவா மொழியில் எழுதினோம். போன் போடும் வேலைக்கு லைப்ரரி ஒன்று, அதாவது வெளியார் எழுதி இணையத்தில் வைத்த ஆயத்த நிரல், தேவைப்பட்டது. தேடியபோது ஒன்றில் எழுதியவர் பெயர் என் மகன் பெயர். அதைவிட நல்லது நான்கு இருந்தன. நான் இதை எடுத்தேன்.

அந்த லைப்ரரிக்கு இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. குறை இருந்தால் அதில் எழுதலாம், செய்தவன் வந்து பதில் சொல்வான். முதலில் "அம்மா எழுதுகிறேன்" என்று எழுதினேன். அழித்துவிட்டு என்னைத் தடுத்தும் வைத்தான். அப்புறம் நிறுவனத்தின் பெயரில் எழுத ஆரம்பித்தேன். சின்னக் குறைக்கு ஐந்து மாதமாகப் பதிலில்லை. ஒருவருக்கே இரண்டு முறை போன் போகிறது என்றதற்கு நான்கே நாளில் வந்தான். பெரிய குறை என்றால் சீக்கிரம் வருவான் என்று அப்போது புரிந்தது. சின்ன வயதிலும் அப்படித்தான், யாருக்காவது அடிபட்டால்தான் ஓடிவருவான்.

அதில் பெரிய குறை ஒன்று இருந்தது. ஒரே நேரத்தில் இருநூறு பேருக்கு மேல் கொடுத்தால் மிச்சப் பேரைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். கேட்டால் எல்லோருக்கும் போட்டாயிற்று என்று சொல்லும். எழுதினேன். "நடைமுறையில் அவ்வளவு பேருக்கு யாரும் அனுப்புவதில்லை, பிறகு பார்க்கிறேன்" என்றான். ஒன்பது மாதம் ஆயிற்று. நான் நூறு நூறாகப் பிரித்து அனுப்பும்படி ஒரு வரி சேர்த்திருந்தேன், அதனால் யாருக்கும் பாதிப்பில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் நிரலைப் புது ஜாவாவுக்கு மாற்றினோம். புது முறையில் எல்லாம் அறை அறையாக இருக்கும், மாட்யூல் என்போம். ஒவ்வொரு அறையும் தனக்கு என்ன வேண்டும், எதை வெளியே காட்டும் என்று வாசலில் எழுதி வைக்க வேண்டும். என் மகனுடையது பழசு, அப்படி எதுவும் எழுதியிருக்காது. அடுத்த அறைக்குள் கேட்காமல் கையை விடும். ஜாவா மறுத்துவிட்டது. நிரலைத் தொடங்கும் கட்டளையில் ஒரு வரி சேர்த்து அதற்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டேன்.

கூட வேலை பார்க்கும் பரிதி அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன மேடம், ஊருக்கெல்லாம் பூட்டு, இவருக்கு மட்டும் தொறந்த வீடா? மாப்பிள்ளையா இவரு?"

"இருந்துட்டுப் போகட்டும் பரிதி."

"எழுதின ஆளே எட்டிப் பாக்குறதில்ல மேடம். வேற ஒண்ணு எடுத்து வச்சிட்டேன். வெள்ளிக்கிழமை மாத்திடுறேன்."

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் எழுத எனக்கு ஒரு காரணமும் இருக்காது. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை காற்றுத் தகவல் வந்தது. பிரித்து அனுப்பும் வரியை நான் எடுத்தேன். பரிதிக்கு இதில் சம்பந்தமில்லை, அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கோடியக்கரைப் பகுதிப் பட்டியலில் இருநூற்றுப் பதினான்கு பேர். அகரவரிசை என்பதால் கடைசிப் பதினான்கில் வீரையன், வேதையன், ஜாபிர், ஹபீப் முகம்மது எல்லோரும் இருந்தார்கள். ஓரிருவர் வலை கிழியும், குறையை ஆதாரத்தோடு எழுதலாம் என்பதுதான் என் கணக்கு. பதினான்கில் பன்னிரண்டு பேர் அக்கம்பக்கத்தில் கேட்டுக் கரையிலேயே நின்றுவிட்டார்கள்.

மற்ற இருவர் வீரையனும் வேதையனும், அண்ணன் தம்பி. உப்பளத்துக்கு அந்தப்புறம் தனியாக இருப்பவர்கள். நிறுவனத்தின் உதவி நம்பர் அந்த வாரம் என்னிடம் இருந்தது. வீரையன் மனைவி நாகம்மாள் பத்தரை மணிக்குக் கூப்பிட்டாள். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும், விட்டுப்போயிற்று.

"அக்கா, அங்கிட்டு போட்டெல்லாம் கரையேத்துறாங்க. எங்களுக்கு போனு வரலியே. இவுக ரெண்டு பேரும் தள்ளுறதுக்கு நிக்கிறாக. போகலாமாக்கா?"

கரையைப் பகுதி பகுதியாகப் பிரித்திருக்கிறோம். ஒரு பகுதிக்குப் போகும் போன் அடுத்ததற்குப் போகாது. போன் வரவில்லையென்றால் போகலாம், அதுதான் அவர்கள் வழக்கம்.

"அது அவங்க பகுதிக்கும்மா. உங்களுக்கு வரலைன்னா ஒண்ணும் இல்ல" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிக்கா. உங்க போனை நம்பித்தான் இவுகளையே அனுப்புறேன்" என்று சிரித்தாள்.

வேதையன் மறுநாள் காலை கரை ஒதுங்கினான். வீரையன் மூன்றாம் நாள்.

நான் அந்தப் பக்கத்தில் எழுதினேன். இருநூற்றுக்கு மேல் போன் போகவில்லை, இரண்டு பேர் இறந்துவிட்டார்கள் என்று. நாற்பது நிமிடத்தில் வந்தான், மேடம். எட்டு வருடத்தில் அவன் எனக்கு எழுதியதிலேயே நீளமானது அதுதான். குறையைச் சரிசெய்திருந்தான். அந்தக் குடும்பத்தின் காலில் விழ வேண்டும் போலிருக்கிறது, விலாசம் கொடுங்கள் என்று கேட்டிருந்தான். ஒரு எழுத்துப்பிழை இல்லை. அழுதுகொண்டே எழுதியிருப்பான், எனக்குத் தெரியும். நான் தஞ்சாவூர் விலாசம் கொடுத்தேன், என் வீட்டு விலாசம்.

அவன் வரவில்லை. தெருப் பெயரைப் பார்த்திருப்பான். மறுநாள் லைப்ரரியை யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று எழுதிவிட்டு அந்தப் பக்கத்தையே மூடிவிட்டான்.

நாகம்மாளை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். ஒரு பிள்ளையை இவ்வளவு பொறுப்பாக வளர்த்த எனக்கு அது இருக்காதா?

அவன் எழுதிய லைப்ரரி இன்னொன்று இருக்கிறது. மயிலாடுதுறைப் பக்கம் மதகு திறக்கும்போது வாய்க்காலில் இறங்கி நிற்பவர்களுக்குத் தகவல் சொல்ல அதை வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள். இருக்கக்கூடாது என்றுதான் நானும் கும்பிடுகிறேன். ஆனாலும் யாராவது ஒருவர் உட்கார்ந்து பொறுமையாகப் பார்க்க வேண்டும் இல்லையா, மேடம்?