அடைப்பு உறுதி என்று எழுதிய கைகளின் நன்றி மடல்

இருட்டறையில் அமர்ந்து இதயங்களின் இயக்கம் கண்டவரே! எங்கள் மருத்துவமனையின் எக்கோ அறையை முப்பத்தோராண்டு கண்ணாகக் காத்த தனக்கொடி அம்மையீர்! வணக்கம்.

கடலூர் சாலைப் பேருந்துகளில் மூச்சிரைக்க வந்திறங்கிய எத்தனையோ நெஞ்சங்களில் குளிர்ந்த பசை தடவி, "பயப்படாதீங்க, படந்தான் புடிக்கிறேன்" என்று தேற்றியவர் நீங்கள். பொறுமை உங்கள் பண்பு. கூர்மை உங்கள் கண்.

சென்ற மாதம் நடந்ததை எழுதலாமா என்று தயங்கினோம். "அத எழுதலன்னா எனக்கு மடலே வேணாம்" என்றீர்கள். எழுதுகிறோம்.

பிறவியிலேயே இதயச் சுவரில் ஓட்டை உள்ளவர்களுக்குத் தொடை இரத்தக்குழாய் வழியே குடை போன்ற சிறு வலையைச் செலுத்தி அடைப்பது நம் பிரிவின் பெருமை. ஐந்தாண்டு கசிவில்லை என்றால் கோப்பில் 'அடைப்பு உறுதி' என்று ஊதா முத்திரை குத்துவோம். அன்று அவர்கள் கொண்டுவரும் இனிப்பை எல்லோரும் உண்போம். பிறகு அவர்களை அழைப்பதே இல்லை.

பணி ஓய்வுக்கு முன் பொறுப்பை ஒப்படைக்கப் பழைய படங்களைப் புதுக் கணினிக்கு மாற்றும்போது, புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் இனியவனின் ஐந்தாண்டுப் படங்களை அடுத்தடுத்து ஓட்டிக் காட்டினீர்கள்.

"கசிவு இல்லையே மேடம்" என்றோம்.

"ஓட்டையப் பாக்காதீங்க. ஓரத்தப் பாருங்க."

பார்த்தோம். ஆண்டுக்கு ஆண்டு, குடையின் விளிம்பு பக்கத்துப் பெருந்தமனியின் சுவரில் மயிரிழை மயிரிழையாக அழுந்தியிருந்தது. துடிப்புக்கு ஓர் உரசல். படமெடுத்தது நீங்கள், படித்துவிட்டு ஐந்து முறையும் 'நன்று' என்று எழுதியது நாங்கள். அதற்குப் பிறகு நான்காண்டு போயிருந்தது. அந்த நான்காண்டும் அது உரசாமல் இருந்திருக்காது.

தொலைபேசியில் இனியவன் சிரித்தார்: "முத்திர குத்தி அனுப்பிட்டீங்களே மேடம், இன்னொரு டப்பா ஸ்வீட் வேணுமா?"

"ஆமாம்ப்பா. வாங்கிக்கிட்டு இப்பவே வா" என்றீர்கள்.

வந்தார். பெட்டியை எங்களிடம் நீட்டிவிட்டு, "தோள்பட்டதான் ரெண்டு நாளா வலிக்குது, மூட்ட தூக்கினதுல" என்றபடி படுத்தார். நீங்கள் கருவியை நெஞ்சில் வைத்தீர்கள். இதயத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். சுவர் கிழிந்து, கசிந்த இரத்தம் இதயத்தை நெரிக்கத் தொடங்கியிருந்தது. அவரோ கம்பெனியில் சூப்பர்வைசர் வழுக்கி விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் பார்க்கப் பார்க்க வளையம் தடித்தது. நீங்கள் குரல் மாறாமல், "அப்பறம் என்னாச்சு, சொல்லு" என்று கேட்டபடியே இடக்கையால் மருத்துவர் கமலக்கண்ணனை அழைத்தீர்கள்.

கதை பாதியில் நின்றது. உதடு மட்டும் அசைந்தது.

அறுவைக் கூடம் அடுத்த வாசல் என்பதால் பிழைத்தார். நெஞ்சைத் திறந்து, குடையை எடுத்து, கிழிசலையும் ஓட்டையையும் தைத்தார்கள். இனிப்புப் பெட்டியை யாரும் திறக்கவில்லை.

அம்மையீர்! அன்றே முத்திரை விழுந்த மற்ற எண்பத்தாறு பேரையும் அழைக்கச் சொன்னீர்கள். எண்பத்தைந்து பேர் வந்து படமெடுத்துப் போனார்கள், நலம். தவளக்குப்பம் பக்கத்து விவசாயி தணிகாசலத்தின் எண்ணை நேற்றுத்தான் பிடித்தோம். அவர் மனைவி அன்னக்கிளி பேசினார்.

"எங்க ஊட்டுக்காரரையா? போன ஆடியிலயே போய்ட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஓட்டயத்தான் அடைச்சாச்சே, வாயுவா இருக்கும்னு நானும் கஷாயம் வச்சிக் குடுத்தேன். மோட்டார் போடப் போனவரு அங்கயே சாஞ்சுட்டாரு. நீங்க முத்திர போட்டுக் குடுத்த தாளு பத்திரமா இருக்குங்க. கொண்டாறணுமா?"

நீங்கள்தான் தொலைபேசியை எங்களிடமிருந்து வாங்கி, "வேணாம்மா, நாங்க வரோம்" என்றீர்கள்.

நாளை போகிறோம். நீங்களும் வருவதாகச் சொன்னீர்கள். வேண்டாம், அம்மையீர்! அந்தத் தாளில் உள்ள கையெழுத்துகள் எங்களுடையவை. அந்த அம்மாவின் முன் நிற்க வேண்டியவர்களும் நாங்களே. உங்கள் உடலில் நலமும் உள்ளத்தில் அமைதியும் என்றும் நிலைக்கட்டும். நூறாண்டு கடந்து நீங்கள் வாழ்க!

தலை தாழ்த்தி,
இதயப் பிரிவின் மருத்துவர்களும் பணியாளர்களும்,
புதுச்சேரி